கூற்று மரபும் படைப்புச் சுதந்திரமும்

அகப்பாடல்களில் பேசுவோர் தலைவி, தோழி முதலிய மாந்தரேயன்றிப் புலவர் அல்லர் என்பதைக் ‘கூற்று’ மரபு உணர்த்துகிறது. இவ்வேறுபாடு மறக்கப்படுமிடத்துப் படைப்புச் சுதந்திரம் இடருறுகிறது.

சமரேஷ் பாசுவின் ‘பிரஜாபதி’ என்னும் வங்க நாவல் 1967இல் வெளிவந்தது. அதன் முதன்மை மாந்தனாகிய சுகேன் முரடன். அவனது உலகைக் கொச்சைச் சொற்களே காட்டின. ஆபாசக் குற்றச்சாட்டில் ஆசிரியர் தண்டிக்கப்பெற்றார்; 1985இல்தான் உச்சநீதிமன்றம் அவரை விடுவித்தது. கொச்சையானவை யாவும் ஆபாசமாகா என்றும், நீதிபதி முதலில் ஆசிரியர் நிலையிலும் பின்னர் வாசகர் நிலையிலும் நின்று நோக்கவேண்டும் என்றும் அம்மன்றம் தெளிவுறுத்தியது. இந்நோக்குமுறை திறனாய்வாளர்க்கும் உரியதாகும்.

மாந்தர் கூற்றுக்காக ஆசிரியரைத் தண்டிப்பின் ஊரார்க்கு உவப்பான குரல்களே இலக்கியத்தில் எஞ்சும். சமூகம் தன் இருண்ட பகுதியை அறியும் வாயில் அடைபடும். படித்தபின் மறுக்கும் உரிமை வாசகர்க்கு உண்டு. எழுதவிடாது தடுக்கும் உரிமை எவர்க்கும் இல்லை.