வார்னிஷுக்கு அடியில் ஒரு பெயர்

நூறு வயதான ஒரு பிளவு மூங்கில் தூண்டில் கம்பை எடுத்துக்கொள்வோம். மேலே பூசிய வார்னிஷ் வெடித்து உரிந்துகொண்டிருக்கிறது. அதைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசினால்தான் உள்ளே ஈரம் இறங்காது. ஆனால் கைப்பிடிக்குச் சற்று மேலே, அதே வார்னிஷுக்கு அடியில், செய்தவர் பெயரும் ஊரும் மையால் எழுதப்பட்டிருக்கின்றன. சுரண்டினால் எழுத்தும் சேர்ந்து போய்விடும். எதைக் காப்பாற்றுவது, மூங்கிலையா எழுத்தையா?

கைதேர்ந்தவர்கள் எழுத்து இருக்கும் இடத்தை மட்டும் தொடாமல் விட்டு, பழைய பூச்சின் மேலேயே மெல்லிசாகப் பூசிவிடுவார்கள். சரி, எழுத்து ஏற்கெனவே அழிந்துபோயிருந்தால்? அதைத் திரும்ப எழுதலாமா? இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்காகத்தான்.

முதலில், இது முழு மூங்கில் இல்லை. மூங்கிலை நீளவாக்கில் பிளந்து, ஒவ்வொரு சிம்பையும் முக்கோணமாக இழைத்து, ஆறு சிம்புகளைச் சேர்த்து ஒட்டினால் நடுவில் பொந்தே இல்லாத அறுகோணக் கம்பு கிடைக்கும். மூங்கிலின் வலுவான நார் வெளித்தோலை ஒட்டித்தான் இருக்கிறது. அந்த நார் ஆறு பக்கமும் வெளியே வந்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வளர்ந்த வித்தை இது. இங்கிலாந்தின் ஆல்ன்விக் ஊரில் 1872இல் தொடங்கிய ஹார்டி நிறுவனம் தன் மூங்கில் கம்புகளை ‘பலகோனா’ என்ற வணிகப் பெயரில் விற்றது. தமிழ்க் காதுக்குப் ‘பலகோணம்’ என்றே கேட்கும்.

பெயர் அழிந்தாலும் கம்பு வேறு வழிகளில் பேசும். பழைய கம்புகளில் பட்டுநூல் கட்டுகள் நெருக்கமாக இருக்கும். அப்போது ஒட்டியது வஜ்ஜிரத்தால். ஈரம் பட்டால் விட்டுவிடும், அதனால் நூலையும் நம்பினார்கள். பின்னாளில் வலுவான செயற்கைப் பசைகள் வந்ததும் கட்டுகள் குறைந்தன. துண்டுகளை இணைக்கும் உலோகப் பூணின் வடிவம், சக்கரம் பொருந்தும் இடம், நூலின் நிறம், ஹார்டியின் பிற்காலக் கம்புகளில் தொடர் எண் என்று ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனால் ஆளையும் காலத்தையும் ஏறக்குறைய பிடித்துவிடலாம்.

இப்போ எங்க ஊருக்கு வருவோம். ஊத்துக்கோட்டையில் ஆரணி ஆற்றில் தண்ணி வரும்போதும், பூண்டி ஏரிக்கரையிலும் தூண்டில் போடுகிறவர்களைப் பார்க்கலாம். ஒரு மூங்கில், நைலான் நரம்பு, தக்கை, முள்ளில் மண்புழு. கம்பு ஒடிஞ்சா என்ன செய்வீங்கன்னு கேட்டால் சிரிப்பார்கள். வேற ஒண்ணு வெட்டிக்க வேண்டியதுதான். இந்தக் கம்புக்கு ‘அசல்’ என்று ஒன்று கிடையாது. எந்த மூங்கிலை எப்போது வெட்டணும், எப்படி வாட்டி நிமிர்த்தணும் என்ற அறிவு மனிதர்களிடம் உயிரோடு இருக்கும்வரை பொருள் போனால் போகட்டும். செய்யத் தெரிந்த கைகள் குறையக் குறையத்தான் பொருள் ‘பழம்பொருள்’ ஆகிறது. பிறகு அந்த அறிவுக்கு மிச்சமிருக்கும் சாட்சி அந்தப் பொருள் மட்டும்தான்.

அதனால்தான் பலகையைப் பலகையாக மாற்றிய தீசியஸின் கப்பல் பழைய கப்பல்தானா என்ற புகழ்பெற்ற புதிர் இங்கே எனக்குப் பெரிதாக உதவவில்லை. நுனி ஒடிந்த கம்புக்குப் புது நுனி போட்டால் அது அதே கம்பா? மீன் பிடிக்க அதே கம்புதான். சாட்சியாக என்றால், எது புதுசு என்று அது சொல்லும்வரை அதே கம்பு. சொல்லாமல் மறைத்தால் பொய்சாட்சி.

இதற்கு நம்மிடம் ஆயிரம் வருடப் பழைய முன்னுதாரணம் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி பல கோயில்களைக் கற்றளியாக்கினார். திருக்கோடிக்காவில் அப்படிப் புதுப்பித்தபோது, பழைய கற்களில் இருந்த சாசனங்களைப் புதுச் சுவரில் படியெடுத்து வெட்டினார்கள். அதோடு விடவில்லை. இது பழைய கல்லின் படி என்பதையும் சுவரிலேயே குறித்தார்கள். சமீப காலத்தில் நம் கோயில்களைப் பளிச்சென்று ஆக்க மணலைப் பீய்ச்சி அடித்தபோது கல்வெட்டுகளே தேய்ந்துபோனதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் பெயர் திருப்பணிதான்.

ஆக, அழிந்த பெயரைத் திரும்ப எழுதலாம் என்பதே என் பதில். ஆனால் அதன் கீழே எழுதியவர் தன் பெயரையும் வருடத்தையும் போடணும். விலை குறையும், குறையட்டும். மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது புதிதில்லை. யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்ற வரலாற்றை அழித்துவிட்டு நிரலை மட்டும் சுத்தமாக வைப்பவரோடு யாரும் வேலை பார்க்க விரும்பமாட்டார்கள்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. இவ்வளவு கவனமாக நாம் காப்பாற்றுவது யாருடைய பெயரை? டோங்கின் மூங்கில் பரவுவதற்கு முன் இந்தக் கம்புகளுக்குப் போனது ‘கல்கத்தா மூங்கில்’, அதாவது நம் கல் மூங்கில். தோலில் இருக்கும் சுட்ட தழும்புகளை வைத்து இன்றும் அதை அடையாளம் காண்கிறார்கள். கல்கத்தா அதைக் கப்பலேற்றிய துறைமுகம். டோங்கின் என்பது வியட்நாமின் வடபகுதி. அந்த மூங்கில் வளர்வதோ சீனாவின் குவாங்டாங்கில். இரண்டு பெயருமே வியாபாரம் வைத்தவை. மெட்ராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் ‘தி ராட் இன் இந்தியா’ என்ற நூலை எழுதிய காலத்தில், இங்கிருந்து போன மூங்கில் கம்பாகி இங்கேயே விலைக்கு வந்திருக்கக்கூடும். வெட்டியவர், சுமந்தவர், நெருப்பில் வாட்டியவர் பெயர் எந்த வார்னிஷுக்கு அடியிலும் இல்லை.

அதை யாராலும் மீட்க முடியாது. மீட்டதாகப் பாவனை செய்யவும் கூடாது. ஆனால் சுட்ட தழும்பு கறை மாதிரி தெரிகிறதே என்று உப்புத்தாளை எடுப்பவரின் கையைப் பிடித்துத் தடுக்கலாம். அந்தக் கம்பில் அவர்கள் போட்ட கையெழுத்து அது ஒன்றுதான்.