எண்ணிக்கையில் விடுபட்ட ஆள்

பரமார்த்த குரு கதையை எழுதியவர் ஒரு பாதிரியார். இத்தாலியில் 1680-இல் பிறந்து, இயேசு சபைத் துறவியாகத் தமிழ்நாட்டுக்கு வந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கியைத் தமிழுலகம் வீரமாமுனிவர் என்று அறியும். சூசையப்பரைக் காப்பியத் தலைவராக வைத்து 3,615 பாடல்களில் தேம்பாவணி பாடியவர் அவர். சதுரகராதியைத் தொகுத்தவரும் அவரே. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடர்களையும் அவர்களுக்கு ஏற்ற ஒரு குருவையும் நடமாட விட்டது அதே எழுத்தாணிதான். ஐரோப்பாவிலிருந்து வந்த பாதிரியார்கள் பேச்சுத் தமிழ் பழக அந்தக் கதை உதவியது. பெஞ்சமின் பாபிங்டன் 1822-இல் அதை ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டனில் அச்சிட்டார்.

குருவும் சீடர்களும் ஊர் திரும்பும் வழியில் ஓர் ஆறு குறுக்கிடுகிறது. அது பொல்லாத ஆறு, தூங்கும்போதுதான் கடக்க வேண்டும் என்பது குருவின் கட்டளை. ஒரு சீடன் கொள்ளிக்கட்டையுடன் போய், எட்டி நின்று தண்ணீரில் வைக்கிறான். ‘சொய்’ என்று சீறிப் புகை எழுகிறது. ஆறு விழித்திருக்கிறது, தொட்டதும் பாய வந்தது என்று அலறிக்கொண்டு ஓடி வருகிறான். எல்லாரும் மரநிழலில் ஒதுங்கி, ஆற்றின் கொடுமைகளை ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொள்கிறார்கள். ஒருவனுடைய பாட்டன் கழுதைகள் மேல் உப்பு மூட்டை ஏற்றி இதே ஆற்றில் இறங்கினாராம். கரையேறிப் பார்த்தால் மூட்டையின் தையல் பிரியவில்லை, உள்ளே ஒரு கல் உப்பும் இல்லை. ஆறு அவ்வளவு நேர்த்தியாகத் திருடிவிட்டதாம்.

பிறகு இன்னொரு சீடன் அதே கட்டையை எடுத்துப் போகிறான். அது அணைந்து நனைந்த கட்டை. தண்ணீரில் வைத்தால் சத்தமில்லை. ஆறு தூங்கிவிட்டது என்று மெல்ல அடிவைத்துக் கடக்கிறார்கள். கரையேறியதும் ஒருவன் தலைகளை எண்ணுகிறான். தன்னை விட்டுவிட்டு எண்ணியதால் ஐந்துதான் வருகிறது. அடுத்தவன் எண்ணினாலும் ஐந்து. குருவும் எண்ணிப் பார்க்கிறார், அவருக்கும் ஐந்துதான். ஒருவனை ஆறு விழுங்கிவிட்டது என்று முடிவாகிறது. செத்தவன் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை; ஒப்பாரி மட்டும் தொடங்கிவிடுகிறது.

அவ்வழியே வந்த ஒருவனுக்கு விஷயம் புரிகிறது. பணம் கொடுத்தால் தொலைந்தவனை வரவழைப்பதாகச் சொல்லி வாங்கிக்கொள்கிறான். எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, தடியால் முதுகில் ஆளுக்கொன்று போடுகிறான். அடி விழ விழ எண்ணிக்கை ஏறுகிறது. கடைசி முதுகில் ஆறு! காணாமல் போனவன் வந்து சேர்ந்தான் என்று குருவும் சீடர்களும் அவனைக் கொண்டாடுகிறார்கள்.

லூக்கா நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்திலும் ஓர் எண்ணிக்கை வருகிறது. அங்கே மேய்ப்பனின் நூறு ஆடுகளில் ஒன்று உண்மையாகவே காணாமல் போகிறது. அவன் தேடிப் போகிறான். இங்கே ஒன்றும் தொலையவில்லை. எண்ணுகிறவன் தன்னை மறந்ததால் வந்த நஷ்டம் இது. பிறர் கண்ணிலுள்ள துரும்பைப் பார்த்துத் தன் கண்ணிலுள்ள உத்திரத்தைப் பார்க்காத மனிதனை மத்தேயு 7-ஆம் அதிகாரத்தில் இயேசு காட்டுகிறார். கண்ணில் உத்திரத்தைச் சுமந்துகொண்டு துரும்பெடுக்க வருகிறவனை நினைத்துப் பார்த்தால் சிரிப்பு வராமல் இருக்காது. அந்தச் சிரிப்பிலேயே கண்டிப்பும் இருக்கிறது. ஆற்றங்கரையில் நின்ற ஆறு பேரும் அந்த மனிதனுக்குச் சொந்தக்காரர்கள்தான்.

முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வதே பக்தி என்று நினைப்போர் எல்லாச் சபைகளிலும் உண்டு. அவர்களுடைய ஜெபத்தில் மருமகளின் குறை வரும், அண்டை வீட்டாரின் குறை வரும்; சொந்தப் பெயர் மட்டும் வராது. பட்டதைச் சொல்லி அழுகிறபோதும் அதே கணக்குதான். போனது எல்லாம் விரல்விட்டு எண்ணப்படும். இத்தனைக்குப் பிறகும் கரையேறி நிற்கும் ஆளை எண்ண மறந்துவிடும். விசுவாசம் தரும் தைரியம் பெரும்பாலும் அந்த ஆளையும் சேர்த்து எண்ணுவதில்தான் தொடங்குகிறது. தேம்பாவணி பாடிய துறவி, ஒரு குருவைக் கோமாளியாக்கிக் கதை எழுதக் கூசவில்லை. தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கத் தெரிந்தவர்களுக்கு அந்தக் கணக்கு சீக்கிரம் சரியாகிவிடும். மற்றவர்களுக்குத் தடியோடு யாராவது வர வேண்டியிருக்கிறது, அதுவும் கூலி வாங்கிக்கொண்டு.