தடை நீக்கம் யாருக்கு?

மியான்மர் இராணுவ ஆட்சியைத் தண்டிக்க, 2003இல் அமெரிக்கா அந்நாட்டுப் பொருள்களின் இறக்குமதியைத் தடைசெய்தது. ஆடைத் தொழிற்சாலைகள் பல மூடப்பட்டன. வேலையிழந்தோர் தையல் இயந்திரத்தை நம்பி வாழ்ந்த ஆயிரக்கணக்கான இளம்பெண்கள். 1990ஆம் ஆண்டுத் தேர்தல் முடிவை ஏற்க மறுத்தவர்கள் அவர்கள் அல்லரே!

2012 இடைத்தேர்தலில் ஆங் சான் சூச்சியின் கட்சி வென்றது. நவம்பரில் அமெரிக்கா அத்தடையை விலக்கிக்கொண்டது. சீர்திருத்தத்திற்குப் பரிசு என்றனர் பலர். குற்றமற்றவரின் பிழைப்பைத் திருப்பித் தருவதைப் பரிசென்று சொல்ல நம் மனச்சான்று இடந்தரவில்லை. அது நெடுநாள் நிலுவையில் நின்ற கடன். ஜேடு, மாணிக்கக் கற்களுக்கு மட்டும் அன்று தடை நீடித்தது. அவ்வணிகம் தளபதிகளின் கருவூலம் அன்றோ? காத்திருக்க வைக்கப்பட வேண்டியோர் அவர்களே. 2016 அக்டோபரில் அத்தடையும் அகன்றது. 2021 பிப்ரவரியில் தளபதிகள் ஆட்சியைக் கைப்பற்றினர். ஏப்ரலில், மியான்மர் அரசின் இரத்தினக்கல் நிறுவனத்தின்மீது அமெரிக்கா தடை விதித்தது.