பயத்துக்கு யார் கூலி கொடுப்பது?

2017 நவம்பர் 29ஆம் தேதி திருவனந்தபுரத்தின் பூந்துறையிலிருந்தும் விழிஞ்ஞத்திலிருந்தும் வழக்கம்போல் மீனவர்களின் வள்ளங்கள் கடலில் இறங்கின. இலங்கைக்குத் தென்கிழக்கே அன்று உருவாகியிருந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் மறுநாள் காலைக்குள் குமரிக் கடலில் புயலாகிவிட்டது. அதற்கு ஒக்கி என்று பெயர் அறிவிக்கப்பட்ட நேரத்தில் தொழிலுக்குப் போனவர்கள் நடுக்கடலில் இருந்தார்கள். கேரளத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது திரும்பி வரவில்லை. குமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஊர்களிலும் வீட்டுக்கு வீடு இழவு விழுந்தது. எச்சரிக்கை உரிய நேரத்தில் வந்ததா, வந்ததை யார் யாரிடம் சொன்னார்கள் என்று வானிலைத் துறையும் மாநில அரசும் பிறகு மாறி மாறி விளக்கம் தந்தன.

அதற்குப் பிறகு இந்தக் கரையில் எச்சரிக்கைக்குக் குறைவே இல்லை. பலத்த காற்று வீசக்கூடும், யாரும் கடலுக்குப் போக வேண்டாம் என்ற அறிவிப்பு அடிக்கடி வருகிறது. ஐதராபாத்தில் இருக்கும் இன்கோயிஸ் நிறுவனம் கள்ளக்கடலுக்கும் எச்சரிக்கை விடுகிறது. உள்ளூரில் காற்றோ மழையோ இல்லாத நாளில், எங்கோ தென்கோடிப் பெருங்கடலில் கிளம்பிய அலை இங்கே வந்து வீட்டுக்குள் ஏறுவதற்கு அந்தப் பெயர். சில நாள் சொன்னபடியே நடக்கிறது. சில நாள் ஒன்றும் நடப்பதில்லை. அடுப்பு எரியாததைத் தவிர.

உயிரைக் காப்பதற்காக ஒரு சமூகத்தைத் தொடர்ந்து பயத்தில் வைத்திருக்கலாமா? அதுதான் இங்கே எழும் அறக்கேள்வி. பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டதும் நாம் இந்தக் கேள்வியை விட்டுவிடுகிறோம். விடக்கூடாது என்பதற்கான காரணம் உடலிலேயே இருக்கிறது.

பயம் தன்னளவில் கேடல்ல. ஆபத்து கண்ணில் பட்டதும் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, ரத்தம் தசைகளுக்குப் பாய்கிறது, கார்டிசால் உடலின் சேமிப்பைச் செலவுக்குத் திறந்துவிடுகிறது. தப்பித்ததும் எல்லாம் தணிய வேண்டும். தணியாமல் நாள்கணக்கில், மாதக்கணக்கில் நீடிக்கும்போது காத்த அதே சுரப்புகள் அரிக்கத் தொடங்குகின்றன. தூக்கம் முறிகிறது, ரத்த அழுத்தம் இறங்க மறுக்கிறது, நோயை எதிர்க்கும் வலு குறைகிறது, நினைவு மங்குகிறது. நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய புரூஸ் மெக்யூவன் இந்தத் தேய்மானத்தைத் தன் ஆய்வு வாழ்வின் பெரும்பகுதியில் ஆராய்ந்தவர்.

அதே பல்கலைக்கழகத்தில் 1970களின் தொடக்கத்தில் ஜே வைஸ் எலிகளை வைத்துச் செய்த சோதனைகள் இன்னும் கூர்மையானவை. இரண்டு எலிகளுக்கு ஒரே அளவு மின்னதிர்ச்சி. ஒன்றுக்கு மட்டும் ஒரு சக்கரம். அதைத் திருப்பினால் அதிர்ச்சி நிற்கும், இரண்டு எலிகளுக்குமே நிற்கும். வாங்கிய அடி ஒன்றுதான் என்றாலும், செய்வதற்கு எதுவும் இல்லாத எலியின் இரைப்பையில்தான் புண் அதிகம். அதிர்ச்சிக்கு முன் ஓர் ஒலி கேட்டால் புண் குறைந்தது. எப்போது வரும் என்று தெரியாதபோது கூடியது. இதுவரை கேட்டால் எச்சரிக்கை நல்லது என்றே தோன்றும். ஆனால் வைஸ் இன்னொன்றும் செய்தார். பழகிய சக்கரத்தைத் திருப்பும்போதே ஒரு சிறு அதிர்ச்சி கிடைக்குமாறு மாற்றினார். அதிர்ச்சியிலிருந்து தப்ப இன்னொரு அதிர்ச்சியை வாங்க வேண்டும். இப்போது சக்கரம் கையில் இருந்த எலிக்கு, கையில் எதுவும் இல்லாத எலியைவிடப் புண் அதிகமாகிவிட்டது.

மனிதர் எலிகள் அல்லர். ஒரு கூண்டுச் சோதனையிலிருந்து ஒரு கரையின் வாழ்க்கையை அளந்துவிட முடியாது. இருந்தாலும் அந்தக் கடைசி எலியின் நிலை இந்தக் கரைக்குப் புதிதல்ல. போனால் கடல். போகாவிட்டால் பட்டினி, மண்ணெண்ணெய் வாங்கிய கடன், எஞ்சினுக்குக் கட்ட வேண்டிய தவணை, தலைச்சுமையாக மீன் விற்கும் வீட்டுப் பெண்ணுக்கு அன்று வெறுங்கூடை. எச்சரிக்கை மீனவரிடம் ஆபத்தைச் சொல்கிறது; தப்பும் வழியிலும் ஓர் அடியை வைத்திருக்கிறது. இருபுறமும் அடி வாங்கும் அந்த முடிவை விடியற்காலையில் ஒரு தனிமனிதர் தன் பொறுப்பில் எடுக்க வேண்டியிருக்கிறது.

அறிவிப்பைக் கொடுப்பவரின் பக்கம் வேறு கணக்கு. புயல் வந்து எச்சரிக்கை விடாமல் இருந்தால் பழி அவர் மேல் விழும். எச்சரிக்கை விட்டுப் புயல் வராமல் போனால் அவர் சம்பளத்தில் ஒரு ரூபாயும் குறையாது. ஒக்கிக்குப் பிறகு எந்த அதிகாரியும் தயங்காமல் தடுப்பின் பக்கமே சாய்வார். அதில் குற்றம் காண முடியாது. ஆனால் அவருடைய பயத்துக்கும் சேர்த்துக் கூலியை இழப்பவர் வேறொருவர். ஒருவர் பழியிலிருந்து தப்ப இன்னொருவர் பசியில் கிடப்பதை எச்சரிக்கை என்ற பெயர் மறைத்துவிடுகிறது.

பூந்துறை இதை இன்னொரு வடிவிலும் பார்த்தது. 2020 ஜூலையில் திருவனந்தபுரம் நகரம் மூன்றடுக்கு ஊரடங்கில் இருந்தபோது, இந்தக் கரையில் கொரோனா வேகமாகப் பரவியது. அரசு கமாண்டோக்களை இறக்கியது. அதிவேகப் பரவல் என்ற சொல் செய்திகளில் ஊரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஜூலை 10ஆம் தேதி மக்கள் தடையை மீறித் தெருவுக்கு வந்தார்கள். அத்தியாவசியப் பொருள் கிடைக்கவில்லை, ஊர்ப் பெயரைக் கேட்டாலே வெளியில் ஒதுக்குகிறார்கள் என்பது அவர்கள் குறை. அன்று சுகாதாரப் பணியாளர்கள் வந்த காரைச் சூழ்ந்து, கண்ணாடியை இறக்கச் சொல்லி, உள்ளே முகத்தை நீட்டிச் சிலர் இருமினார்கள். கொடுமையான செயல், எந்தக் காரணமும் அதை நியாயப்படுத்தாது. ஆனால் ஒரு வாரம் கழித்து, ஜூலை 17 அன்று, பூந்துறையிலும் புல்லுவிளையிலும் சமூகப் பரவல் நடந்திருக்கிறது என்று முதலமைச்சரே அறிவித்தார். நோய் பொய்யில்லை, ஆபத்து பொய்யில்லை. அப்படியிருந்தும் துப்பாக்கியோடு வந்த உண்மையை ஊர் நம்பவில்லை.

அடுத்து நடந்ததைப் பலர் மறந்துவிட்டார்கள். சில நாள்களிலேயே அதே ஊர்க்காரர்கள் திரும்பி வந்த சுகாதாரப் பணியாளர்களைப் பூத்தூவி வரவேற்றார்கள். பேசியதும் பொருள்கள் வந்ததும் செய்ததைக் கமாண்டோக்களால் செய்ய முடியவில்லை. பயம் மனிதரை அடங்க வைக்கும் என்றுதான் அதிகாரம் எண்ணுகிறது. போக்கிடம் இல்லாத பயம் பல நேரம் எதிர்ப்பக்கம்தான் திரும்புகிறது: எச்சரிப்பவர் மேலேயே கோபமாக, அல்லது எந்த எச்சரிக்கையையும் பொருட்படுத்தாத மரத்துப்போன மனமாக. இரண்டும் உயிரைக் காக்காது.

பயமுறுத்தாமல் விட்டால் இன்னும் பலர் செத்திருப்பார்களே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஒக்கியின் பாடமே அது. எச்சரிக்கையைக் குறைக்கச் சொல்லும் எந்த வாதமும் அந்தப் பிணங்களைத் தாண்டி வர முடியாது. ஆனால் இந்த மனிதர்களுக்குப் பயம் போதவில்லை என்று நினைப்பது பெரும் பிழை. 2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியபோது, இதே கரையிலிருந்து தங்கள் வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு செங்கன்னூர் பக்கம் போய், முன்பின் தெரியாதவர்களை மாடிகளிலிருந்தும் கூரைகளிலிருந்தும் இறக்கிக் கொண்டுவந்தவர்கள் இவர்கள். ஒக்கி முடிந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. ஆபத்து என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

மீன்பிடித் தடைக்காலத்தை இதனோடு வைத்துப் பார்க்கலாம். கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி ஜூலை முடியும்வரை 52 நாள் இழுவைப் படகுகளுக்குத் தடை. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15இலிருந்து 61 நாள். வருமானம் அப்போதும் நிற்கிறது, நிவாரணம் போதவில்லை என்ற குறை ஆண்டுதோறும் எழுகிறது. ஆனால் எந்த நாளில் தொடங்கும், எந்த நாளில் முடியும், கையில் என்ன வரும் என்பது தெரியும். வலையைச் சீராக்கலாம், கடனைப் பேசி வைக்கலாம். அதில் சிரமம் உண்டு, திகில் இல்லை. எச்சரிக்கை நாளுக்கோ தேதியும் கிடையாது, உறுதியான நிவாரணமும் கிடையாது. 2021இல் மோசமான வானிலையால் இழந்த நாள்களுக்காகக் கேரள அரசு மீனவக் குடும்பங்களுக்கு ஒரு தொகை அறிவித்தது. நல்ல முடிவு. ஆனால் அரசு மனமிரங்கித் தருவதாக இருக்கும்வரை அது உரிமையாகாது.

இதே கரையின் வலியதுறையில் கடலரிப்பில் வீடிழந்த குடும்பங்கள் பழைய கிடங்கில் ஆண்டுக்கணக்கில் வாழ நேர்ந்ததும் இதே அநீதியின் மறுபக்கம். இந்தக் கரையிலிருந்து விலகிப் போ என்ற அச்சம் வந்து சேர்ந்தது. போக வேண்டிய வீடு வந்து சேரவில்லை. 2022இல் விழிஞ்ஞம் துறைமுகத்தின் முன் நடந்த நீண்ட போராட்டத்தில் அவர்களின் மறுகுடியமர்வும் ஒரு முக்கியக் கோரிக்கையாக இருந்ததில் வியப்பில்லை.

எனவே, மக்களை எச்சரிக்கலாமா என்பதற்கு விடை, எச்சரித்தே ஆக வேண்டும் என்பதுதான். ஆனால் தப்பும் வழியைத் தராமல் ஆபத்தை மட்டும் சொல்லிவிட்டு விலகுவது அறமாகாது. அது பொறுப்பை ஏழையின் தோளுக்கு மாற்றுவது. கடலுக்குப் போகாதே என்று உத்தரவிடும் அரசு, அதே உத்தரவில் அன்றைய கூலிக்கும் வழி சொல்ல வேண்டும். கேரளமும் தமிழ்நாடும் இதைச் சட்டமாக்க வேண்டும். அடுத்த புயலுக்கு முன்பே.