பழைய கருவிமேல் வைத்த விழைவு

சேலம், நாமக்கல் சமவெளியில் ஆடித் திருவிழாக் காலம் வந்துவிட்டால் மெல்லிசைக் குழுவினருக்கு ஓய்வில்லை. பாடுவோரை மக்கள் பார்ப்பர். மேடையோரத்தில் நான்கு தந்திகளுடைய பேஸ் கிட்டாரை ஏந்தி நிற்பவரை எவரும் பாரார். ஆயினும் அவர் கை ஓய்ந்தால் பாட்டின் அடித்தளமே ஆட்டங்காணும். 1976இல் ‘அன்னக்கிளி’ வாயிலாக அறிமுகமான இளையராஜாவின் பாடல்களுக்கு நெடுங்காலம் பேஸ் கிட்டார் வாசித்தவர் சசிதரன். அவர் வாசிப்பைக் கேட்டே இத்தொழிலுக்கு வந்ததாகச் சொல்லும் இளைஞர் ஒருவரை இராசிபுரத்தில் நாம் அறிவோம்.

அவர் சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் ஒரு வினா எழுப்பினார். அமெரிக்காவின் பெண்டர் நிறுவனம் 1962இல் செய்த ‘ஜாஸ் பேஸ்’ கருவியை, மரமும் வண்ணமும் கம்பிச்சுற்றும் சிறிதும் மாறாமல் மீண்டும் செய்து வெளியிட வேண்டும் என்று உலகெங்கும் பலர் காத்திருக்கின்றனராம். தாமும் காத்திருப்பதாகச் சொல்லி, “இதுவும் பற்றுத்தானுங்களா, ஐயா?” என்றார். “ஐயமென்ன, பற்றேதான்” என்று சொல்லி, மிகுபொருள் விரும்பாமை குறித்து ஒரு சிறு சொற்பொழிவும் செய்து அனுப்பினோம். அவர் தலையசைத்துச் சென்றார். அன்றிரவே நம் விடை நமக்கு உறுத்தலாயிற்று.

கேட்டவரின் பொருளை அறியாமல் விடை கூறுதல் தகாது என்பதால் அக்கருவியின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். முற்காலத்தில் இவ்வேலையைச் செய்தது ஆளுயர டபுள் பேஸ். தூக்கிச் செல்வது அரிது. பெருங்கூட்டத்தில் அதன் ஒலி கேளாது. அதன் தந்திகள் பெரும்பாலும் ஆட்டுக்குடலைத் திரித்துச் செய்யப்பட்டவை. 1951இல் லியோ பெண்டர் என்பார் தோளில் மாட்டிக்கொள்ளத்தக்க மின் கருவியொன்றை உலோகத் தந்திகளுடன் விற்பனைக்குக் கொணர்ந்தார். கொல்லாமை கருதி அவர் அவ்வாறு செய்தாரல்லர்; எனினும் நன்மை நன்மையே. 1960இல் ஜாஸ் பேஸ் வந்தது. 1965இல் நிறுவனம் சி.பி.எஸ். என்னும் பெருநிறுவனத்தின் கைக்கு மாறிற்று. அதன்பின் தரம் குன்றியதென்ற எண்ணம் கலைஞரிடையே பரவ, முந்தைய கருவிகளின் விலை ஏறிற்று. பொருள் மிக்கோர் அவற்றை வாங்கிக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்தனர். அந்நிலையில்தான் 1982இல் நிறுவனமே 1962 அமைப்பை மீளச் செய்து வெளியிட்டது.

இதனை எங்ஙனம் பழிப்பது? ஏடுகளில் கிடந்த சீவக சிந்தாமணியை உ.வே. சாமிநாதையர் கும்பகோணத்துச் சமண அன்பர்களிடம் ஐயம் தெளிந்து 1887இல் அச்சேற்றினார். சிலரிடம் மட்டும் இருந்தது பலர் கைக்கு வந்தது. அதனைப் பற்று என்போமா? பேழைக்குள் ஊமையாய்க் கிடக்கும் கருவி ஒருவருக்கே உடைமை. மறுபடைப்போ, வாசிப்பவன் கையைச் சேரக்கூடியது. இவ்வளவில் அவ்விளைஞர் பக்கமே நியாயம் இருந்தது.

ஆனால் கதை 1982இல் முடியவில்லை. மறுபடைப்பு வந்தும் மனம் நிறையவில்லை. வண்ணம் வேறு என்றனர். கம்பிச்சுற்று வேறு என்றனர். அடுத்தது இன்னும் மெய்யாயிருக்கும் என்று காத்திருந்தனர். 1995இல் அந்நிறுவனம் புதிய கருவிகளை உராய்ந்து, கீறி, பழையவைபோல் ஆக்கி விற்கத் தொடங்கியது. முப்பது ஆண்டு உழைத்த கையின் தேய்வை, ஒரு நாளும் வாசியாதவன் விலைக்குப் பெறலாம்! இங்கே விரும்பப்படுவது இசையன்று. பிறன் பட்ட பாட்டின் தழும்பு. வாங்குபவன் அறிந்தே வாங்குவதால் இதனைப் பொய் என்று சொல்ல நமக்குத் துணிவில்லை. ஆயினும் மனம் கூசுகின்றது.

மரத்தின் செய்தி இதனினும் பெரிது. அக்காலத்து விரற்பலகை பிரேசில் நாட்டு ஈட்டி மரத்தாலானது. அம்மரம் அருகிவிட்டமையால் 1992இல் அதன் பன்னாட்டு வணிகம் தடுக்கப்பட்டது. நம் மாநிலத்திலும் 1994ஆம் ஆண்டுச் சட்டம், பட்டா நிலத்து ஈட்டி மரத்தையும் அனுமதியின்றி வெட்டலாகாது என்றது. மரமும் ஓரறிவுயிர் என்று கொள்ளும் நமக்கு இதில் சட்டத்துக்கு முந்திய கடமையும் உண்டு. “அப்படியே மாறாமல்” என்ற சொல்லுக்குள் ஒரு காடு வெட்டுப்படக் காத்திருக்கின்றது என்பதை அன்று நாம் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் பொதுவிதியை ஓதிவிட்டோம்.

லியோ பெண்டரோ தாம் விற்றுவிட்ட அமைப்பை எண்ணி ஏங்கிக்கொண்டிருக்கவில்லை. 1991இல் மறையும்வரை வேறொரு பட்டறையில் புதியனவற்றையே செய்துகொண்டிருந்தார்.

சென்ற ஆடியில் நாமக்கல்லை அடுத்த ஓர் ஊரில் அவ்விளைஞரை மீண்டும் கண்டோம். தோளில் அதே பழைய மலிவுக் கிட்டார். அன்று சொன்னது முழு விடையன்று என்று ஒப்புக்கொண்டு, மேற்கூறியவற்றையெல்லாம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். “வேற மரம் போட்டாலும் எனக்குச் சம்மதமுங்க, ஐயா. சத்தம் அதுவா இருந்தாப் போதும்” என்றார். சற்று நின்று, வெட்கத்துடன், “ஆனா அந்தத் தேஞ்ச வண்ணம் மட்டும் இருந்தா நல்லாத்தான் இருக்குமுங்க” என்றும் சொன்னார். அதற்குள் அடுத்த பாட்டுக்கு அவரை மேடைக்கு அழைத்துவிட்டனர்.