மணிக்கட்டும் கத்தியும்

கு ஜுன் பியோ, கும் ஜன் டியின் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போவான். 2009-இல் வந்த ‘பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்’ என்ற கொரியத் தொடர். அதைப் பார்த்து உருகிய கூட்டத்தில் நானும் ஒருத்தி. சுருட்டை முடியும் உர்ரென்ற முகமுமாக ஜுன் பியோ வேடத்தில் லீ மின் ஹோ வந்து நின்றால் போதும், அவன் செய்ததெல்லாம் காதலாகவே பட்டது.

போன மாதம் பிளஸ் டூ படிக்கும் மகளுக்கு அதைப் போட்டுக் காட்டினேன். “கை வலிக்காதாம்மா அவளுக்கு?” என்றாள். பிறகு முதல் எபிசோடுக்கே திரும்பிப் போனாள். ஜுன் பியோவும் சேர்ந்த பணக்காரப் பையன்கள் நால்வர் ஒருவனது லாக்கரில் சிவப்பு அட்டை ஒட்டினால், பள்ளியே சேர்ந்து அவனைத் துவைத்தெடுக்கும். அப்படி அடிபட்ட ஒரு பையன் மொட்டைமாடி விளிம்பில் நிற்கிறான். சலவைத்துணி கொடுக்க வந்த ஜன் டி அவனைக் காப்பாற்றுகிறாள். “அந்தப் பையன் பேர் என்னம்மா?” எனக்கு ஞாபகம் இல்லை. அட்டை ஒட்டியவனைத்தான் 25 எபிசோடும் ரசித்திருக்கிறேன்.

‘தி குளோரி’ என்ற இன்னொரு கொரியத் தொடரை அவள் இரண்டு முறை பார்த்தவள். யோசித்தால், அது அந்த மொட்டைமாடிப் பையனின் பக்கம் நின்று சொன்ன கதைதான். அதேபோன்ற பணக்காரப் பிள்ளைகளின் கூட்டம்; சூடான முடிச்சுருட்டியால் நாயகி மூன் டோங் உன்னின் தோலில் சூடு வைக்கிறார்கள். கேமரா இடம் மாறியதும் ஹீரோக்கள் வில்லன்களாகிவிட்டார்கள். (மாணவப் பருவ வன்முறைக்காக அந்தத் தொடரின் இயக்குநரே 2023-இல் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது வேறு கதை.)

அதில் மகளுக்குப் பிடித்தவன் டாக்டர் ஜூ யோ ஜங். அதிர்ந்து பேசமாட்டான், டோங் உன்னுக்குப் பதுக் என்ற பலகை விளையாட்டைக் கற்றுத்தருவான். அவள் தழும்புகளைக் காட்டியதும், அவளுக்காகக் கொலையாளியாகவும் சம்மதிக்கிறான். மணிக்கட்டைப் பிடித்ததற்கே முகம் சுளித்த மகள், கத்தி எடுக்கத் துணிந்தவனை மெச்சுகிறாளே!

“அவ என்ன கேட்டாளோ அதைத்தானேம்மா செய்யறான்.”

பதில் சட்டென்று பிடித்துப்போனது, அப்புறம் உறுத்தியது. கேட்காமல் தொட்டால் வன்முறை என்பது அவள் கணக்கு. அவள் வயதில் எனக்கு அந்தக் கணக்கே தெரியாது. ஆனால் கத்திக்கு எதிரே நிற்கிறவனை யார் கேட்டார்கள்? அவன் கெட்டவன் என்று கதை முதலிலேயே தீர்ப்பெழுதிவிடுகிறது. அதற்கப்புறம் அடிக்கிறவன் எவ்வளவு மென்மையானவன் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறோமோ என்னவோ.

இதைச் சொன்னதும் எகிறினாள். “அப்ப டோங் உன் சும்மா இருக்கணுமா?”

நான் வாயைத் திறக்கவில்லை. அந்த முடிச்சுருட்டிக் காட்சியிலிருந்தே பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தப் பிள்ளைகள் எப்போது சிக்குவார்கள் என்று அவளோடு உட்கார்ந்து காத்திருந்தவள்தானே நானும்.