பறக்க முடியாத நாட்கள்

‘உனக்குப் பிடித்ததைக் கண்டுபிடி, அதையே வேலையாக்கிக்கொள்.’ இன்று இளையவர்களுக்கு ஓயாமல் சொல்லப்படும் அறிவுரை இது. நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதுதான். ஆனால் கேட்பவர் தலையில் அது கடனாக ஏறி உட்கார்ந்துவிடுகிறது. பிடித்தது எது என்று இருபது வயதுக்குள் தெரிந்துவிட வேண்டும். தெரிந்தபின் அதிலேயே சோறும் கிடைக்க வேண்டும். கிடைத்தபின் அது ஒருநாளும் அலுக்கக் கூடாது. இதில் எது தவறினாலும் குறை தன்னிடம்தான் என்று அந்தப் பிள்ளை நம்பத் தொடங்குகிறது. ஒருவருடைய வாழ்வின் பொருளை இப்படி அவருடைய திறமையில் கொண்டுபோய்க் கட்டிவைப்பது நியாயமா?

இந்தக் கேள்வியை ஒரு சிறுமியின் கதையில் வைத்துப் பார்த்த அனிமே படம் 1989 ஜூலையில் ஜப்பானில் வெளிவந்தது. எய்கோ கடோனோ 1985இல் எழுதிய சிறுவர் நாவலைத் தழுவி ஹயாவோ மியாசாகி இயக்கிய ‘கிகிஸ் டெலிவரி சர்வீஸ்’. நாயகி கிகிக்கு வயது 13. மந்திரக்காரி குலத்துப் பெண் அந்த வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி, முன்பின் தெரியாத ஊரில் ஓராண்டு சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்பது வழக்கம். அம்மா மருந்து காய்ச்சுவதில் கைதேர்ந்தவர். கிகி அதைக் கற்றுக்கொள்ளவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் துடைப்பத்தில் பறப்பது மட்டும். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு கோரிகோ என்ற கடற்கரை நகரில் பொருட்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும் தொழிலைத் தொடங்குகிறாள். பிடித்ததையே தொழிலாக்கிக்கொள் என்ற அறிவுரையை அவளைவிட முழுமையாகப் பின்பற்றியவர் இல்லை.

அது எங்கே முறிகிறது என்பதைப் படம் மிகப் பொறுமையாகக் காட்டுகிறது. ஒரு மூதாட்டி தன் பேத்தியின் விருந்துக்கு ஹெர்ரிங் மீன் வைத்த ‘பை’ (pie) என்ற பண்டத்தைச் செய்து அனுப்ப நினைக்கிறார். மின் அடுப்பு வேலை செய்யவில்லை. கிகி மூலையில் கிடந்த பழைய விறகு அடுப்பை மூட்டி, கூடவே நின்று அது வேகும்வரை உதவுகிறாள். அதனால் நேரமாகிவிடுகிறது. கொட்டும் மழையில், தான் நனைந்தாலும் பை நனையக் கூடாது என்று போர்த்திக்கொண்டு பறக்கிறாள். விருந்து உடையில் கதவைத் திறந்த பேத்தி, பாட்டியின் இந்தப் பை தனக்குப் பிடிக்கவே பிடிக்காது என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறாள். அவ்வளவுதான். கூலி வந்துவிட்டது, பொருளும் சேர்ந்துவிட்டது. வியாபாரக் கணக்கில் ஒரு பிசகும் இல்லை. கிகி காய்ச்சலில் படுக்கிறாள். எழுந்த சில நாட்களில் பறக்கும் சக்தி போய்விடுகிறது. தன் கருப்புப் பூனை ஜிஜி பேசுவதும் அவளுக்குப் புரியாமல் போகிறது. முன்பு யோசிக்காமலே பறந்தேன், இப்போது எப்படிப் பறந்தேன் என்பதே நினைவில்லை என்கிறாள்.

இதற்கு எளிதாக ஒரு பதில் சொல்லிவிடலாம். பிறருக்காக வாழ்ந்தால் பொருள் தானே கிடைக்கும் என்பது அது. கடைசியில் ஆகாயக் கப்பலில் தொங்கும் நண்பன் தொம்போவைக் காப்பாற்றப் போகும்போதுதான் அவளால் மறுபடி பறக்க முடிகிறது என்பதைச் சான்றாகவும் காட்டலாம். ஆனால் இந்தப் பதில் பாதி உண்மைதான். மழையில் பறந்ததும் பிறருக்காகத்தானே? அந்த உழைப்புதான் அவளை வீழ்த்தியது. சோர்ந்து கிடக்கும் ஒருவரிடம் ‘இன்னும் கொஞ்சம் பிறருக்கு உதவு, சரியாகிவிடும்’ என்று சொல்வது, விழுந்தவர் முதுகில் இன்னொரு மூட்டையை ஏற்றுவது.

அவள் எழுந்ததற்கு முன்பாக வேறு சில காரியங்கள் நடந்திருக்கின்றன. அவற்றைத்தான் அறத்தின் பக்கமாக நின்று பார்க்க வேண்டும். பேக்கரி நடத்தும் ஒசோனோ, நிறைமாத கர்ப்பிணி, முதல் நாளிலிருந்தே வாடகை கேட்காமல் மாடி அறையைக் கொடுத்திருக்கிறார். கடையில் கூடமாட உதவினால் போதும். கிகி பறக்க முடியாதவளானபோதும் அந்த ஏற்பாடு மாறவில்லை. காட்டுக் குடிசையில் வாழும் ஓவியப் பெண் உர்சுலா அவளைத் தன்னுடன் கூட்டிப்போகிறாள். வரைய வராத நாட்கள் தனக்கும் இருந்தன என்று சொல்கிறாள். அப்போது முட்டி மோதிப் பார்ப்பேன், அப்படியும் வராவிட்டால் நிறுத்திவிட்டு நடப்பேன், தூங்குவேன், சும்மா இருப்பேன் என்கிறாள். கிகிக்கும் உர்சுலாவுக்கும் ஜப்பானிய மூலத்தில் குரல் கொடுத்தவர் ஒருவரே, மினாமி தகயாமா. சில ஆண்டுகள் கழித்த கிகியே வந்து இளைய கிகியிடம் பேசுவதுபோல் அது ஒலிக்கிறது. பிறகு அந்த மூதாட்டி கிகியை வரவழைத்து, அவள் பெயரும் உருவமும் போட்ட கேக் ஒன்றைத் தருகிறார். அன்று அவளால் பறக்க முடியாது. யாருக்கும் எதையும் கொண்டுபோக முடியாது. அந்த நாளில்தான் கேக் வருகிறது.

ஓய்வெடு என்ற அறிவுரையிலும் அநீதி ஒளிந்திருக்கக்கூடும். ஒவ்வொரு ஆர்டருக்கும் கணக்குப் பார்த்துக் கூலி பெறும் இன்றைய டெலிவரி இளைஞருக்கு உர்சுலாவின் குடிசை எங்கே இருக்கிறது? படுத்தால் அன்றைய வருமானம் போயிற்று. எனவே கடமை அந்த இளைஞரிடமிருந்து அவரைச் சுற்றியிருப்போரிடம் நகர்கிறது. கிகியின் மன உறுதியைப் பாராட்டும் நாம், ஒசோனோவின் மாடி அறையைக் கணக்கில் எடுக்கத் தவறினால், படத்தின் பாதி அறம் கைநழுவிவிடும்.

இன்னொன்றும் உண்டு. பறக்கும் சக்தி திரும்புகிறது. ஜிஜியின் பேச்சு திரும்புவதில்லை. 1998இல் டிஸ்னி வெளியிட்ட ஆங்கில வடிவத்தில் பூனை மறுபடி பேசுவதாக ஒரு வசனத்தைச் சேர்த்தார்கள். குழந்தைகளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்திருக்கலாம். மூலம்தான் நேர்மையானது. ஒரு சோர்விலிருந்து மீள்பவர் எல்லாவற்றையும் பழையபடி பெற்றுக்கொண்டு மீள்வதில்லை. கிகி அதை ஏற்றுக்கொண்டு, பெற்றோருக்குக் கடிதம் எழுதுகிறாள். மனம் தளரும் நாட்களும் உண்டு, ஆனாலும் இந்த ஊர் பிடித்திருக்கிறது என்கிறாள். வாழ்க்கையின் பொருளைக் கண்டடைந்துவிட்டேன் என்று எங்கும் சொல்வதில்லை. பழையபடி டெலிவரி வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறாள்.

படிப்பு முடித்தோ வேலையை விட்டோ உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை இப்போது சும்மா உட்கார்ந்திருக்கலாம். ‘அடுத்து என்ன?’ என்ற கேள்வியைச் சில மாதங்களுக்குத் தள்ளிவையுங்கள். அதுவரை சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் கணக்குப் பார்க்காதீர்கள்.